தள்ளிப்போடாத அப்டேட்

சந்தவாசலில் படவேட்டுச் சாலை திரும்பும் இடத்தில், உரக்கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து இளவரசி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். யூரியா வாடை படியேறி வந்து அறைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஜன்னலைத் திறந்தால் கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஜவ்வாது மலை தெரியும். ஆனால் திரையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும் என்று அவள் ஜன்னலைத் திறந்ததே கிடையாது. தை பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரமிருக்காது. கோயிலில் தாலி, மண்டபத்தில் விருந்து, மறுநாள் மலையில் ஜோடிப் படம் என்று வந்து குவிவதை எல்லாம் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பார்ப்பவர் கண் கலங்கும்படி கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

கடைத்தெருவில் ராஜவேலுவின் ஸ்டுடியோ. எல்.இ.டி. திரை, நேரலை, ட்ரோன் என்று எல்லாம் வைத்திருந்தான். வெள்ளைச் சட்டையும் வெற்றிலை போட்ட சிரிப்புமாக எந்த மண்டபத்திலும் அவன்தான் முன்னால் நிற்பான். எடிட்டிங் மட்டும் அவனுக்கு வராது. அதனால் வேலையை இளவரசியிடம் தருவான். அவள் "ண்ணா" என்பாள், அவன் "பாப்பா" என்பான். வெளியே வரும்போது வீடியோவில் அவன் ஸ்டுடியோ பெயர் மட்டும் இருக்கும். அதுவரைக்கும் அவளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

படவேட்டில் அரிசி மண்டி வைத்திருக்கும் கெங்கம்மாள் தன் மகள் ஷோபனாவின் கல்யாணத்துக்கு நேராக இளவரசியிடமே வந்தாள். நடுவில் ராஜவேலு எதற்கு என்று கேட்டுவிட்டாள். கெங்கம்மாள் வீட்டுக் கல்யாணம் என்றால் பத்து ஊர் பேசும். இளவரசி இரண்டு கேமராக்காரர்களை அமர்த்தி, தானும் ஒரு கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ராஜவேலு விருந்துக்கு வந்திருந்தான். "நல்லா பண்ணு பாப்பா" என்று வாழ்த்திவிட்டுத்தான் போனான்.

வீடியோ முடியும் தறுவாயில் இருந்தபோது ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், தானாகவே ஒரு அப்டேட் ஏறி உட்கார்ந்திருந்தது. திரை வழக்கம்போல வந்தது. எடிட்டிங் மென்பொருளைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை. ஒருகணம் வந்து மறைந்தது. அப்டேட்டை நீக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து நீக்கச் சொன்னாள். வட்டம் சுற்றியது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றது. கடைசியில் பார்த்தால் அதே அப்டேட் அப்படியே இருந்தது. திரும்ப நீக்கினாள். திரும்பவும் அதே கதை.

அன்றைக்கென்று அவள் அம்மா அமுதவல்லிக்கு வேலூரில் கண் ஆபரேஷன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு யாரைக் கேட்பது? ராஜவேலுவுக்கு போன் போட்டாள்.

"இதுக்கா இப்டி பதற்ற? நீ போய் அம்மாவ பாரு. சாவிய உரக்கடைல குட்த்துட்டு போ. நான் பாத்துக்கறேன்" என்றான்.

சாயங்காலம் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் ராஜவேலு உட்கார்ந்திருந்தான். புதுசு வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி ஒரே ஒரு குப்பைக்கூடைப் படம்தான் திரையில் இருந்தது.

"இன்னாண்ணா பண்ணீங்க?"

"அப்டேட்ட எட்க்க முடில பாப்பா. இன்னா பண்ணாலும் திரும்பி திரும்பி அங்கயே வந்து நிக்குது. ஃபார்மட் பண்ணாதான் வழின்னு ஆயிட்ச்சி. பண்ட்டேன்."

"பேக்கப் டிஸ்க்கு சொருகி இருந்துதே…"

"அதுவா? ரெண்டும் ஒண்ணா போய்ட்ச்சி போல. நான் கவனிக்கலியே" என்று கையை விரித்தான்.

கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அவளே துடைத்திருந்தாள். ஷோபனா கழுத்தில் தாலி ஏறிய காட்சி உலகத்தில் எங்குமே இல்லை என்று ஆகிவிட்டது. இளவரசி நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

கெங்கம்மாள் மாடியேறி வந்து கத்தியது கீழே உரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. "எம் பொண்ணு இன்னொருக்கா தாலி கட்டிக்குவாளா? சொல்லுடி!"

சில நாள் கழித்து ராஜவேலு ஒரு அதிசயம் செய்தான். இளவரசியின் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். அழிந்துபோனதில் பாதியை மீட்டுவிட்டதாகவும், தானே ராவெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டியதாகவும் சொல்லி, கெங்கம்மாள் கையில் வீடியோவைக் கொடுத்தான். தாலி இருந்தது, கன்னிகாதானம் இருந்தது, எல்லாம் இருந்தது. கெங்கம்மாள் அழுதுவிட்டாள். பார்ப்பவரிடமெல்லாம் "போன உயிர கொண்டாந்து குட்த்த மாதிரி குட்த்தான்" என்றாள். கூடவே ராஜவேலுவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டான்: "அந்தப் பொண்ணுக்கு ஒரு அப்டேட்டு பாக்கத் தெர்ல. பாவம்."

அந்த 'பாவம்' போதுமாக இருந்தது. அடுத்த சீசனுக்குச் சொல்லி வைத்தவர்கள் எல்லாம் ராஜவேலுவிடம் போனார்கள். ஆடி வருவதற்குள் இளவரசி அறையைக் காலி செய்தாள். அப்புறம் ராஜவேலுவே கூப்பிட்டு, தன் ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடிட்டிங் செய்யச் சொன்னான். அவள் போனாள். போன அன்று கண்ணில் நீர் முட்ட, "நீங்க இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோண்ணா" என்று கைகூப்பினாள். அவன் வெற்றிலைச் சாறு வழியாமல் தலையை அண்ணாந்து சிரித்தான்.

பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கும்பிடுதான்.

ராஜவேலு கலசப்பாக்கத்தில் புது ஸ்டுடியோ திறக்கப் போவதாக ஏற்பாடு நடந்தது. திறப்பு விழாவில் எல்.இ.டி. திரையில் தன் பெருமையை ஓட்ட ஒரு படம் வேண்டும் என்றான். ஜவ்வாது மலை மேல் அவன் பல வருஷமாகப் பறக்கவிட்ட ட்ரோன் காட்சிகள், பனி, அருவி, சாமைக் கொல்லை, நடுவில் அவன் கேமராவோடு நடந்து வருவது. பிறகு கெங்கம்மாள் வீட்டுக் கல்யாணத்தை மீட்ட கதை. "கெங்கம்மாவ மேடைலயே பேச வைக்கப் போறேன். நீ அந்த கல்யாண வீடியோவ எட்த்து நடுவுல சேத்துடு பாப்பா" என்றான்.

அதுவரை அந்த வீடியோவை இளவரசி பார்த்ததில்லை. பார்க்கும் தெம்பு இருந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

விருந்துக் காட்சி வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா, மரியாதை பத்தவில்லை என்று இலையைத் தூக்கி எறிந்து ரகளை செய்திருந்தார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மறுநாள் கெங்கம்மாள் மாடியேறி வந்து, இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அத மட்டும் வெட்டிடு கண்ணு. சம்பந்தி வூட்டு மானம். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்று கெஞ்சினாள். இளவரசி வெட்டினாள். வெட்டிய இடம் தெரியாமல் இருக்க, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை அங்கே ஒட்டினாள். அவசரத்தில் ஒட்டியதால் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு கறுப்புத் திரை விழுந்தது. பிறகு சரிசெய்யலாம் என்று விட்டிருந்தாள்.

ராஜவேலு மீட்டுத் தானே வெட்டியதாகச் சொன்ன வீடியோவில் இலை பறக்கவில்லை. அதே நாதஸ்வரம். அதே கன்னம். அதே கறுப்பு.

இளவரசி திரும்பத் திரும்ப அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தாள். பாதிதான் கிடைத்தது என்றான், இங்கே ஒரு காட்சிகூட விடுபடவில்லை. மீட்டு அவனே வெட்டியதென்றால் பந்தி கேமராவில் இருந்தபடி வந்திருக்க வேண்டும். இது அவள் வெட்டியது. அவள் அறையில் உட்கார்ந்து, முதலில் எல்லாவற்றையும் தன் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அழித்திருக்கிறான். சென்னைக்கு அவன் போகவே இல்லை. அவள் அம்மா கண்ணில் கட்டோடு படுத்திருந்த நேரத்தில் இங்கே இந்த வேலை நடந்திருக்கிறது.

போய்ச் சட்டையைப் பிடிக்கலாமா என்று எழுந்தாள். பிடித்தால் என்ன ஆகும்? "புள்ளைக்கு மூள கலங்கிட்ச்சி" என்பான். ஊர் தலையாட்டும். அவள் உட்கார்ந்தாள். வீடியோவை அவன் கேட்ட இடத்தில் சேர்த்தாள். அவன் வந்து பார்த்து "சூப்பரு பாப்பா" என்றபோது "தேங்க்ஸ்ண்ணா" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கியது. இது அவளுக்கே ஆச்சரியம். மாதக்கணக்காகச் செத்துப்போயிருந்த பசி திரும்பி வந்தது.

ராஜவேலுவின் லேப்டாப்பில் ஒரு அப்டேட் நெடுநாளாகக் காத்துக்கிடந்தது. மூலையில் அறிவிப்பு வரும்போதெல்லாம் அவன் அலறுவான். "தள்ளிப்போடு, தள்ளிப்போடு! அத மட்டும் தொட்ற கூடாது." அப்டேட் ஏறினால் திரை ஓட்டும் மென்பொருள் படுத்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தான். தள்ளிப்போடுவது இளவரசியின் வேலை. தள்ளிப்போட ஒரு கெடு உண்டு, அதற்குமேல் எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்று நாமே குறித்துவைக்கலாம் என்பதை அவன் கவனித்ததில்லை. அவள் கவனித்திருந்தாள். விழா அழைப்பிதழில் 'குத்துவிளக்கு ஏற்றுதல்' என்று போட்டிருந்த நேரத்துக்குச் சற்றுப் பின்னால் குறித்துவைத்தாள்.

அதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்தாள். அந்த லேப்டாப்பில் மற்றவர் வீட்டுக் கல்யாணங்களும் இருந்தன. மலைமேல் கிராமத்துக் குப்பம்மா மகள் கல்யாணம், போளூர்க்காரர் வீட்டுக் காதுகுத்து என்று முடியாத வேலைகள். அவற்றை ஒன்றுவிடாமல் தன் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டாள். தன்னால் எந்தப் பெண்ணும் தாலி கட்டிக்கொண்ட காட்சியை இழக்கக் கூடாது. வேறெங்கும் நகல் இல்லாத ராஜவேலுவின் மலைக் காட்சிகளை மட்டும் தொடவில்லை. அவன் சம்பாதித்த பெருமை எல்லாம் அவனோடேயே இருக்கட்டும் என்று விட்டாள்.

கலசப்பாக்கம் விழாவுக்குக் கூட்டம் எதிர்பார்த்ததற்கு மேல் வந்துவிட்டது. ஒன்றியத்துப் பிரமுகர்கள், மண்டப உரிமையாளர்கள், பூக்காரர், சமையல்காரர், வாத்தியக்காரர் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் கெங்கம்மாள் பட்டுப்புடவையில், பக்கத்தில் ஷோபனா, அவளுக்கு அப்பால் சம்பந்தி வீட்டார். ஆளுயரத்துக்கும் மேல் எல்.இ.டி. திரை நின்றது. இளவரசி ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. மலைமேல் பனி விலகியது. கூட்டம் 'ஓ' என்றது. லேப்டாப் மூலையில் சின்னதாக ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. அது திரைக்குப் போகாது, அவள் கண்ணுக்கு மட்டும்தான். விரலால் மூடினாள். திரையில் ராஜவேலு கேமராவோடு அருவி ஓரம் நடந்து வந்தான். நிஜ ராஜவேலு மேடையில் மைக்கைப் பிடித்து, "அழிஞ்சி போன ஒரு கல்யாணத்த…" என்று ஆரம்பித்தான்.

திரை அணைந்தது.

அடுத்த நொடி முழுத் திரையும் நீலமானது. நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. 'புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன. உங்கள் கணினியை அணைக்க வேண்டாம்' என்று ஆளுயர எழுத்தில் வந்து நின்றது. ராஜவேலு பெருமைக்கு எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்திருந்ததால், படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் படித்தார்கள். பின்வரிசையில் யாரோ, "ராஜவேலு, உன்ன அணைக்க வேணாமாம்டா!" என்றார். பந்தல் சிரித்தது.

"பாப்பா! இன்னாது இது?" மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தான்.

"அப்டேட்டுண்ணா."

"நிறுத்து!"

"நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்குது."

அவன் பொறுக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தான். திரும்பப் போட்டான். 'மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன' என்று வந்தது. கூட்டம் அதையும் உரக்கப் படித்தது. நேரம் போனது. பிரமுகர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜவேலு மறுபடியும் அழுத்தி அணைத்தான். இப்போது லேப்டாப் எழுந்துவர மறுத்து, கொஞ்சம் எழுந்து விழுந்து, கடைசியில் பழுதுபார்க்கும் பக்கத்தில் வந்து நின்றது. கடைசியாக ஏற்றிய அப்டேட்டை நீக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதைத் தட்டினான். 'நீக்க முடியவில்லை' என்று ஊருக்கே காட்டியது திரை.

அவன் முகம் வேர்த்து வெற்றிலைச் சாறு மோவாயில் இறங்கியிருந்தது. குனிந்து அவள் காதருகில் கேட்டான். "இப்ப இன்னா பண்றது? சொல்லேன் பாப்பா."

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் அப்படியே வரும். இளவரசிக்கு அது தெரியும். அவன் அவளுக்கு அந்த வழியைச் சொன்னானா? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழிதான்.

"எஞ் சிஸ்டத்துக்கு இன்னா பண்ணீங்களோ, அதையே பண்ணுங்கண்ணா" என்றாள்.

ஒரு கணம் அவன் அவளைப் பார்த்தான். புரிந்ததோ இல்லையோ. பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். மேடையில் பிரமுகர் எழுந்து நின்றுவிட்டார். ராஜவேலு 'எல்லாவற்றையும் அகற்று' என்ற கட்டத்தைத் தட்டினான். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றான்.

'உங்கள் கோப்புகள் அகற்றப்படுகின்றன.' ஆளுயரத்துக்கு மேல், நீல ஒளியில், ஜவ்வாது மலையும் அருவியும் பனியும் ஒவ்வொரு சதவீதமாகப் போய்க்கொண்டிருந்தன. இளவரசி கைகட்டி உட்கார்ந்து பார்த்தாள். வயிற்றுக்குள் ஜில்லென்று இருந்தது. தாகத்துக்குக் குடிக்கும் முதல் மடக்குத் தண்ணீர் போல.

கெங்கம்மாளுக்கு மட்டும் மனம் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, "பதறாத தம்பி. எம் பொண்ணு கல்யாணத்த மீட்ட கையாச்சே அது. இதையும் மீட்டுடுவ" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். இளவரசி நினைத்திருந்தது அதுவரைக்கும்தான். ஆனால் அந்த 'மீட்ட கை' என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் எழுந்துவிட்டாள். ராஜவேலு ஓடி வந்து அவள் மேசைமேல் போட்ட மைக் உயிரோடுதான் இருந்தது; அதைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, பந்தில மாப்ள சித்தப்பா எலைய தூக்கிப் போட்டாரே, அத வெட்டச் சொல்லி யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்கிட்டதான்…"

"இவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லியே."

"அப்பறம் இவுரு மீட்ட வீடியோல அது எப்டிம்மா இல்லாம போச்சி? நான் வெட்டினத இவுரு எட்த்துக்கிட்டு, அப்பறந்தான் எஞ் சிஸ்டத்த அழிச்சாரு."

பந்தலில் எல்லாத் தலைகளும் ராஜவேலு பக்கம் திரும்பின. அவன் "தப்பா பேசுற" என்று முனகினான். அவன் குரலில் இருந்தே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கெங்கம்மாள் அவனைப் பார்த்து "த்தூ" என்றாள்.

ஆனால் முன்வரிசையில் சம்பந்தி வீட்டார் எழுந்து நின்றிருந்தார்கள். இலையைத் தூக்கி எறிந்த சித்தப்பா அங்கேதான் இருந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே போனான். ஷோபனா என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

கெங்கம்மாள் இளவரசி பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. "அவன் திருட்னான், சரி. நீ இன்னா பண்ண? மூச்சு வுடாதன்னு உங் கையப் புட்ச்சினு சொன்னேனே. எம் பொண்ணு கல்யாணத்த வச்சி ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினீங்க" என்றாள்.

இளவரசி மைக்கை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

குப்பம்மா வீட்டுக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் வீட்டு வீடியோக்களை அவளே முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மெல்ல மெல்ல வேலை வர ஆரம்பித்தது. படவேட்டிலிருந்து மட்டும் வரவில்லை. ஷோபனா சில வாரம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, பெரியவர்கள் பேசிய பிறகு புருஷன் வீட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டாள். ஒருமுறை கெங்கம்மாளின் மண்டி வாசல்வரை போய் மன்னிப்புக் கேட்க நின்றாள். உள்ளிருந்து பார்த்த கெங்கம்மாள் எடைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இளவரசி வந்துவிட்டாள்.

ராஜவேலுவின் கலசப்பாக்கம் ஸ்டுடியோ திறந்து மூடியது. இப்போது அவனுக்கு ஊரில் 'அப்டேட்டு' என்றுதான் பெயர். மண்டபங்களில் தலை காட்டினால், "இன்னாபா அப்டேட்டு, ஏறிட்ச்சா, எறங்கிட்ச்சா?" என்று கேட்கிறார்கள். அவன் வெள்ளைச் சட்டை போடுவதை விட்டுவிட்டானாம்.

இந்தச் செய்தியை ஒருநாள் சாப்பிடும்போது அமுதவல்லிதான் மகளுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆபரேஷன் செய்த கண்ணால் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இப்பவாச்சும் மனசு ஆறிச்சாடி?"

இளவரசி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள்.

"கெங்கம்மாவ நெனச்சா கஷ்டமா இருக்குதும்மா" என்றாள். பிறகு, "அவன நெனச்சா இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டு, குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள்.